இத்தாலிய நடிகை அன்னா மஞ்ஞானி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மக்னானியா, மஞ்ஞானியா? எது சரி?

பதில்: மஞ்ஞானி. இத்தாலிய எழுத்தில் 'g', 'n' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் நம்முடைய 'ஞ' ஒலிதான். ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து இல்லை. நமக்கு இருக்கிறது, பிறகு எதற்கு 'க்ன'?

கேள்வி: முறையாக நடிப்புப் படித்தவரா, தெருவிலிருந்து நேரே கேமரா முன் வந்தவரா?

பதில்: இரண்டாவது, அவர் முகத்தைப் பார்த்துக் கட்டிய கதை. 1908-ல் ரோமில் பிறந்தவர், புகழ்பெற்ற மேடை நடிகை எலியனோரா தூசேயின் பெயர் தாங்கிய நடிப்புப் பள்ளியில் அங்கேயே படித்தார். பிறகு நாடகக் குழுக்கள். முப்பதுகளில் சினிமாவில் சில்லறை வேடங்கள். ஆனால் அவரை உருவாக்கியது பாட்டும் கேலியும் துணுக்குக் காட்சிகளும் கலந்த 'ரிவிஸ்தா' மேடை. 1940 முதல் போர்க்காலத்தில் நகைச்சுவை நடிகர் தோத்தோவுடன் அதில் ஆடினார். அந்தச் சபைக்குப் பொறுமை கிடையாது; சலித்தால் அங்கேயே கூச்சல் போடும். வசனத்தை எங்கே வெட்டுவது, எப்போது குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் அங்கே பழகியவை.

கேள்வி: 'ரோம், திறந்த நகரம்' படத்தில் அவர் பாதியிலேயே செத்துப்போகிறார். ஆனாலும் அவர்தானே நினைவில் நிற்கிறார்?

பதில்: அவர் நடித்த பீனா, கைதான காதலன் ஃபிரான்செஸ்கோவை ஜெர்மானியர் ஏற்றிச் செல்லும் லாரிக்குப் பின்னால் ஓடிச் சுடப்படும் காட்சியைத்தானே சொல்கிறீர்கள்? இயக்குநர் ரோஸ்ஸெல்லினி படப்பிடிப்பைத் தொடங்கியது 1945 ஜனவரியில். ரோமின் சினெசித்தா ஸ்டுடியோ அகதி முகாமாகியிருந்தது, பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒலிப்பதிவு இல்லாமலே எடுத்து, பிறகு டப்பிங் செய்தார்கள். டப்பிங்கில் முதலில் தொலைவது மூச்சு: மைக் முன் நிற்பவரின் குரல், திரையில் ஓடுபவரின் உடம்போடு ஒட்டாது. இங்கே ஒட்டுகிறது. ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்; அடுத்து, திரையைப் பார்க்காமல் 'ஃபிரான்செஸ்கோ' என்ற அலறலை மட்டும் கேளுங்கள். இரண்டும் தனித்தனியாகவே முழுமையாக நிற்கும்.

இந்தக் காட்சிக்கு மூலமான தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணிப் பெண் 1944 மார்ச் 3-ல் சுடப்பட்டது ஜூலியோ செசாரே அகலச்சாலையில். படம் எடுத்ததோ மொந்தேகுக்கோலி தெருவில். பலரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: ஆங்கிலம் சரியாக வராதவருக்கு ஆங்கிலப் படத்தில் ஆஸ்கர் எப்படி?

பதில்: அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் 'தி ரோஸ் டாட்டூ' நாடகத்தை அவரை மனதில் வைத்தே எழுதினார். 1951-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அதில் நடிக்க மஞ்ஞானி மறுத்துவிட்டார். இரவுக்கு இரவு முழு நாடகத்தையும் அந்நிய மொழியில் தாங்க வேண்டும். தடுமாறினால் திருத்த வழியில்லை. அவருக்குப் பதில் மோரீன் ஸ்டேப்பிள்டன் நடித்தார். சினிமாவில் துண்டு துண்டாகப் பாடம் பண்ணலாம், பிசகினால் இன்னொரு டேக் உண்டு. 1955-ல் படம் வந்தது, 1956 மார்ச்சில் விருது. நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் இத்தாலிய நடிகை அவரே.

கேள்வி: அதன் பிறகு மேடை ஏறவே இல்லையா?

பதில்: ஏறினார். 1965-ல் ஜெஃபிரெல்லி இயக்கத்தில், இத்தாலிய எழுத்தாளர் வேர்காவின் 'லா லூபா' நாடகம்.

கேள்வி: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: பீனாவில் வேண்டாம். விஸ்கோந்தியின் 'பெல்லிஸ்ஸிமா' (1951) முதலில்; மகளை நடிகையாக்கத் துடிக்கும் தாயாக அவர் பேசும் வேகத்தில் ரிவிஸ்தா அப்படியே தெரியும். அடுத்து பசோலினியின் 'மம்மா ரோமா' (1962). இரவுத் தெருவில் அவர் பேசிக்கொண்டே நடக்க, உடன் வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் நீண்ட ஷாட்டுகளைத் தவறவிடாதீர்கள். இரண்டையும் இத்தாலியக் குரலிலேயே பாருங்கள், சப்டைட்டில் போதும். வேறு குரல் போட்டால் பாதி நடிப்பு போய்விடும். 'தி ரோஸ் டாட்டூ'வுக்கு ஆங்கிலம்தான் மூலம். ரெனுவாரின் 'தங்க ரதம்' படமும் அப்படித்தான்: கதை பெருவில், நடிகர்களில் பலர் இத்தாலியர், இயக்குநர் பிரெஞ்சுக்காரர், ஆனால் ரெனுவாருக்குப் பிடித்தது ஆங்கிலப் பிரதி. பெயரைப் பார்த்துப் பிரெஞ்சு டப்பிங்கை எடுத்துவிட வேண்டாம்.