ஆகாயத்தாமரை மூடிய ஏரி: கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, போன வருஷம் ஜேசிபி வைத்து எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரையை முழுக்க அள்ளினோம். ஆறே மாதத்தில் திரும்ப மூடிவிட்டது. ஏன்?

பதில்: அள்ளிய பிறகு யாராவது வாரம் ஒருமுறை ஏரியைச் சுற்றி வந்தீர்களா தம்பி? வெயிலும் சாக்கடைத் தண்ணீரும் கிடைத்தால் இந்தச் செடி இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். கோரைக்குள் பத்துச் செடி தங்கினாலே போதும். அதோடு, சேற்றில் விழுந்த விதை 15 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். ஏரி வற்றி மறுபடி தண்ணீர் ஏறும்போது முளைத்து வரும். அதனால் முதல் வருஷம் முழுக்கப் பரிசலில் போய்க் குட்டிச் செடிகளைக் கையால் பிடுங்கியே ஆகவேண்டும். தண்ணீர் குறைந்த சித்திரை, வைகாசியில் அள்ளுங்கள். அள்ளியதைக் கரையின் உள்பக்கம் குவிக்கவே குவிக்காதீர்கள், முதல் மழையிலேயே ஏரிக்குள் போய்விடும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): களைக்கொல்லி அடித்தால் ஒரு வாரத்தில் கருகிவிடுமாமே?

பதில்: கருகும். அப்புறம் மொத்தமும் ஒரே சமயத்தில் அழுகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன் செத்து மிதக்கும். ஆடு மாடு குடிக்கிற ஏரி. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி (அரூர்): வண்டு விடலாம் என்கிறார்களே, புல் கெண்டையும் விடலாமா?

பதில்: நியோகெட்டினா என்ற கூன்வண்டு, செடியைப் போலவே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்டுப் பலன் கண்டார்கள். வண்டு இலையைச் சுரண்டும், புழு தண்டைக் குடையும். ஆனால் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கவேண்டும். புல் கெண்டை தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசியைத் தின்னும், இதற்கு உதவாது.

கேள்வி (ஓசூர்): அள்ளியதை உரமாக்கலாமா?

பதில்: வாடவிட்டுச் சாணத்தோடு அடுக்கி மக்கவைத்தால் நல்ல உரம். ஆனால் ஆலைக்கழிவு கலக்கும் ஏரி என்றால் காய்கறிக்குப் போடாதீர்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றை இதன் வேர் இழுத்து வைத்திருக்கும்.

கேள்வி (ஓசூர்): கெலவரப்பள்ளி அணையே பெங்களூருக் கழிவில் நுரைக்கிறது. நாம் செடி பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. தென்பெண்ணையில் வரும் கழிவை நம் ஊர்க்காரர்களால் மட்டும் நிறுத்த முடியாது. ஆனால் நம் பக்கத்துச் சின்ன ஏரிகள் பலவற்றில் செடிக்குத் தீனி போடுவது நம் தெருச் சாக்கடைதான். வரத்துக் கால்வாயோடு ஒருநாள் நடந்து பாருங்கள், எந்த இடத்தில் கலக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் சாக்கடையைத் திருப்ப முடியாவிட்டால், ஏரிக்கு முன்னால் ஒரு குட்டை வெட்டிச் சம்பு என்ற உயரமான நீர்ப்புல்லை வளர்க்கலாம். சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். வருஷம் தவறாமல் அறுத்து வெளியேற்றுங்கள். ஏரி எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ, அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டு வெட்டுங்கள்.