இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிட்டால் என்ன?

இப்படிக் கேட்டதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், வாட்ஸப்பில் சுற்றும் வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோடு ஏற்கெனவே இருக்கிறது. 1949 போர்நிறுத்தத்தில் போட்டது, பச்சைக் கோடு என்பார்கள். 1967 போரில் இஸ்ரேல் அதைத் தாண்டி, பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையைப் பிடித்தது, அப்புறம் இஸ்ரேலியர்கள் அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடியேற ஆரம்பித்தார்கள். கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் இன்று சுமார் ஏழு லட்சம் பேர். இவர்களை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் சபையிலிருந்து புனித நாட்டுப் பயணம் போயிருந்தேன். பெத்லகேமுக்குள் நுழைவதற்கு முன்பே எங்கள் இஸ்ரேலிய வழிகாட்டி பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டார். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1990-களில் செய்த ஆஸ்லோ ஒப்பந்தப்படி அது பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள 'ஏ' பகுதி, இஸ்ரேலியர் நுழையக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று சிவப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். இஸ்ரேல் எழுப்பியிருக்கும் பிரிவினைச் சுவரைத் தாண்டியதும் உள்ளூர்ப் பாலஸ்தீன வழிகாட்டி ஒருவர் ஏறினார். அவரும் கிறிஸ்தவர்தான் என்றதும் பாதி பஸ்ஸுக்கு ஆச்சரியம். ஜன்னல் வழியாக ஒரு மலையைக் காட்டினார், வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். முன்பு பைன் மரக்காடாம், பெயர் ஜபல் அபூ க்னைம். 1997-இல் கட்ட ஆரம்பித்த பிறகு அது ஹர் ஹோமா என்ற இஸ்ரேலியக் குடியிருப்பு. அங்கே இருப்பவர் காரை எடுத்தால் ஜெருசலேமுக்குக் கொஞ்ச நேரம்தான். எங்கள் பாலஸ்தீன வழிகாட்டியோ ஈஸ்டர் ஆராதனைக்கு அதே ஊருக்குப் போக இஸ்ரேல் ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அவரிடம் இன்னும் கேட்டிருப்பேன். எங்களைக் கூட்டிப்போன ஏற்பாட்டாளர்தான் விடவில்லை.    

இதை எழுதினால், ஆபிரகாமின் சந்ததிக்கு இந்த நாட்டைக் கடவுள் வாக்களித்த ஆதியாகமம் 12-ஐ எடுத்து நீட்டுவார்கள், தெரியும். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் செய்தது படுகொலை, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. 2005-இல் காசாவிலிருந்து குடியேறிகளைக் கிளப்பிய பிறகும் ராக்கெட் வந்ததே என்று இஸ்ரேலியர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது எல்லையைப் பற்றி. பிடித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியேற்றக் கூடாது என்பது ஜெனீவா உடன்படிக்கை, 2024-இல் சர்வதேச நீதிமன்றமும் அந்தக் குடியிருப்புகள் சட்டவிரோதம் என்றது. அந்த உடன்படிக்கை இங்கே பொருந்தாது என்கிறது இஸ்ரேல்.

கோட்டை ஒட்டிய குடியிருப்புகளை இஸ்ரேலே வைத்துக்கொண்டு பதிலுக்கு வேறு நிலம் கொடுப்பது என்று 2000-இலிருந்து பேசிப் பார்த்தார்கள். ஏரியல் மாதிரி வெகு உள்ளே இருப்பவற்றில் அந்தக் கணக்கு உதைக்கிறது. போதாக்குறைக்கு, ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் என்ற குடியிருப்புக்கும் இடையே உள்ள 'ஈ1' நிலத்தில் சுமார் 3,400 வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அங்கே வீடுகள் வந்தால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் இன்னும் பிரிந்துபோகும். தெற்கே இருக்கும் பெத்லகேம்காரர்கள் வடக்கே இருக்கும் ரமல்லா நகரத்துக்குப் போக இப்போதே ஜெருசலேமுக்குள் நுழைய முடியாமல் வாதி நார் மலைப்பாதையில் சுற்றித்தான் போகிறார்கள்.