கிரேயான் பூச்சிலிருந்து படம் எடுப்பது எப்படி?

கேள்வி: தாளில் கிரேயான் பூசி, அதிலிருந்து வேறு தாளில் படம் எடுக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோடு விட்டுவிட்டு விழுகிறது; தாளெல்லாம் கறை. என்ன செய்யலாம்?
- ஆசிரியை, மேலூர்

பதில்: கிரேயான் மெழுகு தாளின் நாரில் நேராக ஒட்டிக்கொண்டால் எளிதில் பெயர்ந்து வராது. அதனால் முதலில் சாக்பீஸைப் படுக்கப் பிடித்து, தாளின் நிறம் மறையும்வரை தேயுங்கள், உதிரித்தூளைத் தட்டிவிடுங்கள். அதன்மேல் நீலம், கறுப்பு போன்ற அடர்நிற கிரேயானைக் குறுக்கும் நெடுக்குமாக, பளபளப்பு வரும்வரை அழுத்திப் பூசுங்கள். முழு ஏ4 தாளுக்கும் பூசினால் பிள்ளைகளுக்குக் கை வலிக்கும். கால் பங்கு போதும்.

பூசிய பக்கம் மேலே இருக்க, அதன்மேல் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஜெராக்ஸ் தாளை வைத்து, பரீட்சை அட்டையில் சேர்த்துக் கிளிப் போடுங்கள். சார்ட் தாளில் அழுத்தம் கீழே இறங்காது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரையுங்கள். ஸ்கெட்ச் பேனா உதவாது. நடுநடுவே கிளிப்பை எடுக்காமல் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கலாம்.

படம் மேல்தாளின் அடிப்பக்கத்தில் இடவலம் மாறி விழும். முதல் பயிற்சிக்கு இருபுறமும் ஒத்திருக்கும் புள்ளிக்கோலம் நல்லது, மாறியதே தெரியாது. யானைமலை வரைந்தால் தலை எதிர்ப்பக்கம் போய்விடும்! நேராக வேண்டுமென்றால் பூசிய தாளைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் வரையுங்கள். கீழ்த்தாளில் நேராகவே விழும்.

கறைக்குக் காரணம் ஊன்றிய கை. படத்துக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து அதன்மேல் கையை ஊன்றச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மெழுகு இளகி இன்னும் அதிகமாக ஒட்டும்; ஜன்னலோரம் வேண்டாம். ஆனால் கறையை அடியோடு ஒழித்துவிடாதீர்கள். ஓவியர் பால் க்ளே 1919 முதல் எண்ணெய்ச் சாயம் பூசிய தாளைக் கொண்டு இப்படி வரைந்தபோது, அந்தக் கறைகளையும் படத்திலேயே விட்டுவைத்தார். பிள்ளைகள் வேண்டுமென்றே விரலால் தேய்த்து நிழல் கொண்டுவரட்டும். கரண்டிக் காம்பால் தேய்த்தால் பட்டையான கோடு கிடைக்கும். பூசிய தாளையும் எறியாதீர்கள். மெழுகு பெயர்ந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் தெரியும். அது இரண்டாவது படம்.

கேள்வி: இந்தப் படத்தின்மேல் வாட்டர் கலர் பூசலாமா?
- வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: பூசலாம். மெழுகு தண்ணீரை ஏற்காது என்பதால் கோடு தனித்துத் தெரியும். கலரை நன்றாக நீர்த்து, ஒரே தடவை மெல்ல இழுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் கோட்டோடு வந்த சாக்பீஸ் தூள் கரைந்து நிறம் கலங்கிவிடும்.