புரள்வு வீதம் ஏறினால் வாங்கலாமா? (கேள்வி பதில்)

பங்குகளின் புரள்வு வீதம் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்.

கிளிநொச்சி: புரள்வு வீதம் என்றால் என்ன அண்ணை?
ஒரு நாளில் கைமாறிய பங்குகளைக் கம்பனி வெளியிட்ட மொத்தப் பங்குகளால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பத்துக் கோடியில் இருபது லட்சம் கைமாறினால் 2 சதவீதம். செய்தியில் ‘இன்றைய புரள்வு இத்தனை பில்லியன் ரூபா’ என்பது சந்தை முழுவதற்குமான பணக்கணக்கு, அது வேறு.

பரந்தன்: ஒருவர் ஆயிரம் பங்கு விற்க இன்னொருவர் வாங்கினால் இரண்டாயிரம் என்று எழுதுவார்களா?
ஆயிரம்தான் அக்கா.

மாங்குளம்: இரண்டு கம்பனிக்கும் 2 சதவீதம். இரண்டிலும் ஒரே அளவு வியாபாரம்தானே?
தம்பி, இது நல்ல கேள்வி. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பல கம்பனிகளில் பெரும்பங்கு தாய்க் கம்பனியிடமோ ஒரு குடும்பத்திடமோ கிடக்கும், சந்தைக்கு வராது. மேலே சொன்ன பத்துக் கோடியில் எட்டுக் கோடி அப்படிப் பூட்டிக்கிடந்தால் உலாவுவது இரண்டு கோடிதான். இருபது லட்சத்தை அந்த இரண்டு கோடியால் வகுத்துப் பாருங்கள், 10 சதவீதம் வரும். காலாண்டு அறிக்கையில் முதல் இருபது பங்குதாரரும் பொதுமக்கள் வசமுள்ள சதவீதமும் இருக்கும். அதைப் பார்க்காமல் வீதத்தை ஒப்பிடாதீர்கள்.

ஒரே நாள் வீதத்தையும் நம்பாதீர்கள். பெரிய முதலீட்டாளர் இருவர் பேசி முடித்து மொத்தமாகக் கைமாற்றுவதைத் தரகர்கள் ‘கிரொசிங்’ என்பார்கள். அன்றைக்கு வீதம் எகிறும், மறுநாள் பழையபடி தூங்கும். இருபது நாள் சராசரி எடுங்கள். ஒரு பங்கை இரண்டு மூன்றாகப் பிரித்த கம்பனியென்றால் கைமாறும் எண்ணிக்கை திடீரென்று கூடித் தெரியும். வீதத்தில் அந்தக் குழப்பம் இல்லை, மொத்தப் பங்கும் அதே மடங்கு கூடிவிடுகிறதே.

நெடுங்கேணி: வீதம் ஏறுகிறது, வாட்ஸ்அப் குழுவில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
புதுக்குடியிருப்பு: வீதம் ஏறினால் விலையும் ஏறும்தானே?
மூவருக்கும் சேர்த்து. (வவுனியாத் தங்கச்சி, உங்களதும் இதேதான்.) வீதம் திசை சொல்லாது. எல்லோரும் விற்றுத் தள்ளும் நாளிலும் அது ஏறும். குழுவில் வாங்கச் சொல்பவர் தன்னுடையதை விற்க ஆள் தேடுகிறாரோ என்று முதலில் யோசியுங்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: உந்தச் சூதாட்டத்தை விட்டுவிட்டுக் காணி வாங்கச் சொல்லுங்கள். காணி எங்கேயும் ஓடாது.
ஐயா, ஓடாது என்பதுதான் சிக்கலே. காணிக்கு ஒரு புரள்வு வீதம் போட்டுப் பாருங்களேன். உங்கள் ஒழுங்கையில் வருடத்துக்கு எத்தனை காணி கைமாறுகிறது? சிறுபோகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்கக் காசு வேண்டுமென்றால் அரை ஏக்கரை வெட்டி விற்பீர்களா?

ஒட்டுசுட்டான்: விற்பேன். வாங்க ஆள் இருக்கிறது.
உறுதிக் காணியென்றால் சரி. எங்கள் பக்கத்தில் பலருக்கு இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது. பிரதேச செயலகத்தைத் தாண்டி அதை நினைத்தபடி விற்க முடியாது.

மாங்குளம்: ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கு அண்ணை. அசையாத பங்கும் காணி மாதிரித்தானே?
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். உங்களிடம் 5,000 பங்கு இருக்கிறது, நாளுக்கு 400 கைமாறுகிறது என்று வையுங்கள். அவசரத்துக்கு எல்லாவற்றையும் போட்டால் விலையை நீங்களே இறக்கிவிடுவீர்கள். விற்ற காசு கைக்கு வர மேலும் இரண்டு வேலைநாள். நெல் விற்ற காசை வீதம் குறைந்த பங்கில் போட்டுவிட்டு விதைப்புக்கு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: அப்போ காணியே மேல்.
ஐயா, உங்களோடு நாளைக்கு நேரில் பேசுகிறேன்.

பூநகரி: கணக்கு எங்கே திறப்பது?
பதிவுபெற்ற பங்குத்தரகரிடம் கேளுங்கள்.

முள்ளியவளை: தங்கம் ஏறுமா?
என் துறை இல்லை.

துணுக்காய்: ஒரு பங்கின் வீதம் இன்றைக்கு 7 சதவீதம். வாங்கலாமா?
மேலே வாசியுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.