கொட்டாவியும் கால் குடைச்சலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறார். தொப்பூர் பக்கம் டியூட்டி, 12 மணி நேர ஷிஃப்ட். முதுகு வலிக்கென்று எட்டு மாதமாக டிரமடால் 100 மி.கி. மாத்திரை போடுகிறார். ஒன்றில் ஆரம்பித்தது, இப்போது நாளைக்கு ஐந்தாறு. பொங்கலுக்குப் பாலக்கோட்டில் அம்மா வீட்டில் நான்கு நாள் இருந்தோம். அவருக்கு ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, ராத்திரியெல்லாம் கால் குடைச்சல். சளிக்காய்ச்சல் என்று நினைத்தோம். டியூட்டிக்குத் திரும்பிய அன்றே சரியாகிவிட்டது. போன வாரம், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போதையில் விழுவதைப் பற்றிய வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரைகளை எடுத்து எறிந்துவிடட்டுமா? வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

மருத்துவர் பதில்: எறிய வேண்டாம், சகோதரி. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் படங்களை நானும் பார்ப்பதுண்டு. சைரன், மழை, காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தை. அன்றிரவே ஊழியர் வண்டியிலிருக்கும் மருந்தைத் தன் கையிலேயே ஏற்றிக்கொள்வார். அந்த நாடுகளில் பாராமெடிக் பையில் மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி கடும் வலிக்கான ஓபியம் வகை மருந்தெல்லாம் இருக்கும் என்பதால் கதைக்கு அது பொருந்துகிறது. முதுகு வலியை இரண்டு மணி நேரம் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் முதுகு வலிக் கதைதான். கணவாய்ச் சரிவில் கவிழ்ந்த லாரியிலிருந்து ஆளை எடுத்து, ஸ்ட்ரெச்சரோடு மேட்டில் ஏற வேண்டும். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்றால் தூக்கம் கெடும். வலிக்கு ஒரு மாத்திரை போட்டதும் வலியோடு அசதியும் விலகுகிறது. டிரமடால் ஓபியம் வகை மருந்து மட்டுமல்ல, மனநிலையைத் தூக்கிவிடும் வேதிப்பொருட்களையும் மூளையில் கூட்டுகிறது. மாத்திரையை விட முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலக்கோட்டில் வந்தது சளிக்காய்ச்சலாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய நான்கும் மருந்து நின்றதும் உடம்பு காட்டுகிற விலகல் அறிகுறிகள். கடைசி மாத்திரை போட்டு ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். டியூட்டிக்குப் போனதும் சரியானதற்கு என்ன காரணம் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

எனக்குக் கவலை தருவது அளவுதான். டிரமடால் ஒரு நாளைக்கு 400 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. இவர் 500, 600 போடுகிறார். அளவு ஏற ஏற வலிப்பு வரும் வாய்ப்பும் ஏறும், அது ஓடுகிற வண்டியில் நோயாளி பக்கத்தில் இருக்கும்போதும் வரலாம். அதனால் சிகிச்சை தொடங்கிச் சீராகும்வரை அவர் டியூட்டிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. மருத்துவ விடுப்புக்குச் சான்று தருவார்கள்.

சரி, ஏன் எறியக் கூடாது? திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை தாங்காமல் வெளியே தேடுவார். பத்து இருபது நாள் விட்டிருந்து மறுபடி பழைய அளவையே போட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் உடம்புக்கு அந்தத் தாங்கும் சக்தி போயிருக்கும், மூச்சு அடங்கிவிடலாம். கூடவே அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையும் போடுகிறாரா என்று பாருங்கள். அதைச் சட்டென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம். எதை எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். சிலருக்கு விலகல் அவஸ்தையைத் தணிக்க, நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை தேவைப்படும், சிலருக்குப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். முதுகுக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும், அதை விட்டுவிட்டால் மாத்திரை திரும்பி வந்துவிடும்.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். முதலாளி என்ன செய்வார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது, சீட்டில்லாமல் வாங்குவது வம்புதான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர் தாமாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

அவரிடம் எப்படிப் பேசுவது? படத்தை உதாரணம் காட்டாதீர்கள், “நான் என்ன ஊசியா போடுகிறேன்?” என்று தப்பித்துக்கொள்வார். மருந்து தெரிந்தவர்களுக்கு, தங்களால் அளவைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகம் (டாக்டர்களும் இதில் சேர்த்தி). நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் பேச்செடுக்க வேண்டாம். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, “பொங்கலுக்கு அம்மா வீட்டில் உங்களுக்கு ஏன் அப்படி ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பதில் அவருக்குத் தெரியும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இருவரும் போகலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் 14416 எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸுக்கோ, 14446 போதை மீட்பு உதவி எண்ணுக்கோ பேசுங்கள், கட்டணம் கிடையாது. இதற்கிடையில் ஒருநாள் எழுப்பினாலும் எழாமல், கண்ணின் பாப்பா கடுகு மாதிரிச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்கள் அவருக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்களே என்று தயங்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது காலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், அளவைச் சரியாகச் சொல்ல அவை உதவும்.