சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம், ஸ்டீவியா: எது சரி?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய், வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேனோ வெல்லமோ கொடுக்கலாமா, இல்லை ஸ்டீவியா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு எனக்கு டைப் 2 என்று தெரிந்ததும் நானும் இதைத்தான் யோசித்தேன். அன்றே சர்க்கரை டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தேனுக்கு மாறினேன். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தால், இறங்கவே இல்லை. சந்தேகம் தட்டவே, ஒரு நாள் காலையில் குளுக்கோமீட்டரை எடுத்து உட்கார்ந்தேன். வெறும் வயிற்றில் 124. இரண்டு டீஸ்பூன் தேன் கலந்த தேநீரை மட்டும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விரலைக் குத்தினேன். 171.

காரணம் எளிமையானது. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரைதான், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக. அதோடு தேன் கனமானது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம், அதில் சர்க்கரை மட்டும் 6 கிராம் வரும். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் சர்க்கரை கூடத்தான் செய்யும். வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரை. அதில் இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த இரும்புக்காக வெல்லம் சாப்பிட்டால் கூடவே எவ்வளவு சர்க்கரை போகிறது என்று பாருங்கள்.

அகேவ் என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து எடுக்கும் அகேவ் சிரப் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஃப்ரக்டோஸ் அதிகம், அதனால் குளுக்கோமீட்டரில் எண் பெரிதாக ஏறாது. அந்த எண்ணை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். மீட்டர் குளுக்கோஸை மட்டுமே அளக்கும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது, அளவு மிஞ்சினால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும்.

சரி, ஸ்டீவியா. இது இனிப்பான இலை கொண்ட ஒரு செடி. அந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டீவியால் கிளைகோசைடுகள் என்ற இனிப்புப் பொருள்கள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு நிற்கும், சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன், சொட்டு மருந்து போலத் திரவமாக. தூளாக வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். இனிப்பு இவ்வளவு அதிகம் என்பதால் ஒரு தேநீருக்குத் துளியூண்டு போதும். அதை வைத்துப் பாக்கெட்டை நிரப்ப முடியாது. அதனால் வேறு எதையாவது கலப்பார்கள். நான் முதலில் வாங்கியதில் 'ஸ்டீவியா' முன்னால் பெரிய எழுத்தில் இருந்தது, பின்னால் பொடி எழுத்தில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்திலிருந்து செய்யும் ஒரு தூள். அது சர்க்கரையைவிட வேகமாக ரத்தத்தில் ஏறக்கூடியது. ஒரு சிட்டிகையில் பாதகமில்லை, கப் கணக்கில் பலகாரத்தில் போட்டால் கணக்கு வேறு.

மாங்க் ஃப்ரூட் என்ற பழத்திலிருந்து எடுக்கும் இனிப்பும் சர்க்கரையை ஏற்றாது, ஆனால் பல பாக்கெட்டுகளில் அதைவிட எரித்ரிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டிதான் அதிகம் இருக்கும். எரித்ரிட்டால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டன. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு இதய நோய் ஏதும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது இனிப்பைக் குறைத்ததுதான். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் பழைய தேநீர் திகட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மாவை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், பாவம், வயதானவர்களுக்கு அந்த ஒரு டம்ளர்தான் ஆசை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறாரா, அல்லது சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுக்கிறாரா? அப்படியென்றால் வீட்டில் உள்ள சர்க்கரையை முழுதாக அப்புறப்படுத்தாதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, எண் 70-க்குக் கீழே போய்விட்டால் ஸ்டீவியா எதற்கும் உதவாது. அப்போது சுமார் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ தேனோ, நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நான் கைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்கிறேன். அம்மாவின் தலைமாட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.