ஹெல்மெட் போடவில்லை என்று ஐந்து மணி நேரம் ஸ்டேஷனில் வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 24. போன ஞாயிறு மாலை ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக நிறுத்தினார்கள். 1,000 ரூபாய் அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டதை ஏன் என்று கேட்டிருக்கிறான். அதற்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், செல்போனை வாங்கிக்கொண்டு, இரவு 11.30 மணி வரை உட்கார வைத்துவிட்டார்கள். பத்து மணிக்கு யாரோ ஒருவர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவர் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘பேசி’ வெளியே அழைத்து வந்தார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம், என்ன எழுதியிருந்தது என்று பையனுக்குத் தெரியவில்லை. இது கைதா? பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான், அதைப் பாதிக்குமா? புகார் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய படங்களில் அந்த அபராத ரசீதுதான் முக்கியம். அதைப் பத்திரமாக வையுங்கள். மெஷினில் அச்சான அந்தச் சின்னத் தாளில் மாலை 6.42 என்று நேரம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி, இப்படிக் கட்டி முடித்த குற்றத்துக்கு மேல் வழக்கு கிடையாது (லைசென்ஸை நிறுத்திவைக்கும் நடவடிக்கை மட்டும் தனியாக வரலாம்). ஆள் காவலில் இருந்தால் விட்டுவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஹெல்மெட்டுக்காக ஆளைப் பிடித்து வைக்கும் காரணம் 6.42-க்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் பையன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் போலீஸ்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

இது கைதா என்றால், கைதுதான். விலங்கு மாட்டி லாக்கப்பில் போட்டால்தான் கைது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே போக விடாமல் பிடித்து வைத்தாலே போதும். “சும்மா விசாரணைக்குத்தான் உட்கார வைத்தோம்” என்பார்கள். விரும்பிய நேரத்தில் எழுந்து போக முடியவில்லை என்றால் அது காவல். “24 மணி நேரம் வைத்திருக்க எங்களுக்குப் பவர் இருக்கிறது” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். முறையாகக் கைது செய்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான கடைசிக் கெடுதான் அந்த 24 மணி நேரம். காரணமே இல்லாதவரை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க முடியாது.

டிராபிக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் யாரைப் பிடிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-வது பிரிவு எண்ணிச் சொல்கிறது. சீருடையில் இருக்கும் போலீஸ்காரரின் கண்முன்னே ஆபத்தாக ஓட்டியவர், குடித்துவிட்டு ஓட்டியவர், அடுத்தவர் வண்டியை அனுமதியில்லாமல் எடுத்து ஓட்டியவர். ஹெல்மெட், சீட் பெல்ட் இரண்டும் அந்த வரிசையில் இல்லை. சாவியைப் பிடுங்கலாம் என்றும் அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

ஆனால் அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் விழுவது இதில்தான். எவ்வளவு சின்னக் குற்றமானாலும் சரி, பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால் கைது செய்யலாம். வீடியோ போடுகிறவர்கள் சிலர், “முதலில் அவர் ஐ.டி. கார்டைக் கேளுங்கள், அதுவரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாயைத் திறக்காமல் நின்றால், இல்லாத அதிகாரத்தை நீங்களே அவர் கையில் கொடுக்கிறீர்கள். லைசென்ஸை நீட்டுங்கள், செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். அதிலேயே பெயரும் முகவரியும் வந்துவிடும். வாடகை வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரியை வாயால் சொல்லுங்கள். நண்பன் பெயரைச் சொல்வது, பழைய ஊர் விலாசத்தைச் சொல்லித் தப்பப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். சொல்லி முடித்த பிறகு அவர் சட்டையில் உள்ள பெயர்ப் பட்டையைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன் ரசீதில் சரியான பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருக்கின்றன. அதனால் அவன் விஷயத்தில் இந்தக் காரணத்தை அவர்கள் சொல்ல முடியாது.

வாக்குவாதம் முற்றினால் கேஸ் எங்கே திரும்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினார்’ என்று எழுதிவிடுவார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 353-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. அது ஜாமீனில் விடமுடியாத பிரிவு. ஆயிரம் ரூபாய் விவகாரம் ரிமாண்ட் வரை போவது இந்த வழியில்தான். கேள்வி கேட்பது குற்றமில்லை, கை மேலே படக்கூடாது. சாவியைத் திரும்பப் பறிக்கப் போகவே கூடாது.

அடுத்து, போன் செய்த அந்த ஆள். பையனின் செல்போன் ஸ்டேஷனுக்குள் இருந்தது. அப்படியென்றால் உங்கள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? இதை நீங்கள் யோசிக்கவேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்வது போலீஸின் கடமை. உறவினருக்கோ நண்பருக்கோ சொல்லவேண்டும், பிடித்த காரணத்தைச் சொல்லவேண்டும், நேரம் போட்டு சாட்சிக் கையெழுத்துடன் கைது குறிப்பாணை எழுதவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. பிறகு சட்டத்திலும் எழுதி வைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. பிடிபட்டவர்களின் பெயரை ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும் என்றுகூட இருக்கிறது. சட்டப் புத்தகத்தின் பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின. ராத்திரி பத்து மணிக்குத் தாய்க்கு வரும் போன் மட்டும் இன்னும் புரோக்கரிடமிருந்துதான் வருகிறது. இத்தனை வருட வக்கீல் தொழிலில் எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

இந்த ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். “ஐயா நம்ம ஆளு”, “எஃப்.ஐ.ஆர். போட்டுட்டா பையன் லைஃப் போச்சு”, “பத்து நிமிஷத்துல முடிவு பண்ணுங்க.” போடப்படாத எஃப்.ஐ.ஆரைக் காட்டிப் பணம் வாங்குவதுதான் அவர்கள் தொழில். சின்னக் குற்றங்கள் பெரும்பாலும் ஜாமீனில் விடக்கூடியவை. அங்கே ஜாமீன் உரிமை, யாரும் பேசி வாங்கித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் போன் செய்யவேண்டிய எண் 15100, இலவச சட்ட உதவி. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுப்பார்கள்.

கொடுத்த 8,000 ரூபாய்க்கு ஒரு கெடு இருக்கிறது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவர்மேல் குற்றம் வராது. உங்கள் கடிதம் புதன்கிழமை என் கைக்கு வந்தது, அதனால் அன்றே போனிலும் சொன்னேன். சனிக்கிழமைக்குள் மாவட்டத்தில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜிபே-யில் அனுப்பிய பதிவையும், அவர் பேசிய நம்பரும் நேரமும் தெரியும் கால் லிஸ்டையும் சேர்த்துக் கொடுங்கள். பணம் திரும்பக் கிடைத்துவிட்டாலும் அந்தப் பதிவை அழிக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்ட தாள் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஸ்பாட் ஃபைன் கட்டியது பாஸ்போர்ட்டுக்குத் தடையாகாது. அந்தத் தாளை வைத்துப் பெட்டி கேஸ் (சின்னக் குற்ற வழக்கு) எதுவும் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்கவேண்டும். மாநிலப் போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரையும், கோர்ட் வழக்குகளைப் பார்க்க உதவும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அவன் பெயரையும் தேடுங்கள். சம்மன் வந்தால், “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்று கோர்ட் வாசலிலும் ஒருவர் சொல்வார். ஒத்துக்கொண்டால் அது தண்டனை. அதற்குப் பிறகு தவறாகப் பிடித்தார்கள் என்று நீங்கள் போடும் புகாருக்கு உயிர் இருக்காது.

புகார் கட்டாயம் கொடுங்கள். மேலும் தொல்லை வருமோ என்று பயப்படுவது நியாயம்தான், ஆனால் மேலதிகாரி கையில் எழுத்துப்பூர்வமான புகார் இருக்கும்போது கீழே இருப்பவர் யோசித்துத்தான் நடப்பார். முதல் கடிதம் எஸ்.பி.க்கு, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில். ஞாயிறு மாலை 6 முதல் நள்ளிரவு 12 வரையிலான ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கவேண்டும் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். கேமரா வைத்து 18 மாதம் வரை பதிவைக் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனாலும் கேட்கும்போது ‘கேமரா ரிப்பேர்’ என்ற பதில் வருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அதே கடிதத்தின் நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போகவேண்டும், தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், இன்று ராத்திரி பையனை உட்கார வைத்து, நடந்ததை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சாவியை எடுத்தவர் பெயர்ப் பட்டையில் என்ன இருந்தது, செல்போனை வாங்கியது யார், சுவர்க் கடிகாரம் எங்கே இருந்தது, பக்கத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தார்கள், தாளை நீட்டியபோது என்ன சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இதில் பாதி அவனுக்கே நினைவிருக்காது.